வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னவர்

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் அவர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு இடது பக்கம், ஒரு முழம் பின்தள்ளி, ஒரு மர நாற்காலி கிடக்கும். புரோகிராம் எழுதியவன் அதில்தான் உட்கார வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவரிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

முதல் தடவை இதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பது வயது. சென்னையில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்கிவிட்டு வந்தவன். என்னைப் போய்க் கையை மடக்கி உட்காரச் சொன்னால்?

"சிரிக்கிறதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. கை சும்மா இருந்தா மவுஸைப் பறிப்பியள். வாய் சும்மா இருந்தா விளக்கம் சொல்லுவியள். நாளைக்கு ஒரு பிள்ளை இதைப் பாவிக்கேக்க அவவுக்குப் பக்கத்தில நீங்கள் இருக்கப் போறீங்களோ?"

"இல்ல."

"அப்ப இப்பவும் இல்லாத மாதிரி இருங்கோ."

எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், நானும் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பது வெகுநாள் கழித்து அவருடைய கணவர் சொல்லித்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக் காட்டியபோதும் அக்கா அசரவில்லை. "புரோகிராம் எழுதுற ஆக்கள் எல்லாரும் எனக்குத் தம்பிதான். வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றுவிட்டார். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஆக்லாந்தில் பாதிப் பேர் எனக்கு ஃபோன் போட்டு, "என்னையும் இப்படித்தான் படுத்தினாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை என்று போட்ட பாயிண்டை நம்பி விசா வாங்கிக்கொண்டு இறங்கிய எங்களை, இன்டர்வியூ போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா? அட, வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்! வயிற்றெரிச்சலில் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுத ஆரம்பித்தோம். ஒருவர் வீடியோ கடைக்கு எழுதினார், ஒருவர் சலவைக் கடைக்கு. தன்னுடையதை உலகமே வாங்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே நினைத்தேன்.

அக்கா கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. இலங்கையில் மன்னார்க்காரர். மவுண்ட் வெல்லிங்டனில் ஷாப்பிங் சென்டருக்குப் பின்புறம் இருந்த ஒரு கிளினிக்கின் கவுன்டரில் வேலை. அதே பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில்தான் நானும் காலை ஆறு மணி ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அட்டை விரலைக் கிழித்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு கையில் ஃபோன், மறு கையில் பேனா, கண்ணால் ஒரு குழந்தையை "ஓடாதே" என்று அதட்டிக்கொண்டு, என் பேரைக் கேட்டு ஒரு எழுத்துப் பிசகாமல் கார்டில் எழுதினார். இந்த ஊருக்கு வந்து யாரும் என் பேரை அப்படி எழுதியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் ரத்தம் சொட்டச் சொட்ட, "நான் உண்மையில புரோகிராம் எழுதுறவன்ங்க" என்று சொல்லிவிட்டேன். என்னவோ அதைச் சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"ஓமோ? அப்ப சனிக்கிழமை பின்னேரம் வீட்டை கொண்டு வாங்கோ, பார்ப்பம். இப்ப விரலை மேல தூக்கிப் பிடியுங்கோ, தரையெல்லாம் ரத்தம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு எனக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பேர் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர், ஒரு ஃப்ளாப்பி. அக்காவின் கணவர் கதவைத் திறந்துவிட்டு, ஃபோன் வயரைப் பிடுங்கி வைப்பார். நடுவில் தொந்தரவு வரக்கூடாதாம். அப்புறம் சமையலறைக்குப் போய், இறைச்சி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரிப்பார். முதலில் குறை, பிறகு ரோல்ஸ் என்பது அந்த வீட்டு ஒழுங்கு. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு அக்கா உட்காருவார். மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். "இதை அமத்தச் சொல்லுது, அமத்துறன். ஒண்டும் நடக்கேல்லை. நான் பிழை விட்டிட்டன் போல. இல்லை, நான் விடேல்லை, இவர்தான் விட்டவர்." பின்னால் இருக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த சென்னைக்காரர் ஒருவர் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஜாதகம் கணிக்கும் புரோகிராம் எழுதினார். அதையும் அக்காவிடம்தான் கொண்டுபோனார். சுவரில் மடு மாதா படம் மாட்டியிருக்கிற கத்தோலிக்க வீடு. பார்க்க மாட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். அக்கா சிரத்தையாகப் பிறந்த நேரம், ஊர் எல்லாம் அடித்துப் பலனை அச்செடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு எல்லாம் கூடாத பலனா வந்திருக்கு. அதோட முடிஞ்சுது. வீட்டை வந்து வாசிக்கிற மனுசன் அடுத்ததா என்ன செய்யிறது? இப்பிடி நடுரோட்டில விட்டிட்டுப் போறதோ?"

"அக்கா, உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்கா?" என்று அவர் விதியை மீறிக் கேட்டுவிட்டார்.

"எனக்கு இல்லைத் தம்பி. காசு குடுத்து வாங்கிறவனுக்கு இருக்கு. அவனைத்தான் நான் யோசிக்கிறன்."

அதன் பிறகுதான் சென்னைக்காரர் பரிகாரப் பக்கம் ஒன்று சேர்த்தார். எந்தக் கோயில், எந்தக் கிழமை, என்ன விளக்கு. சிட்னிவரை விற்றது அந்தப் பக்கத்தால்தான் என்று அவரே பின்னால் சொன்னார். இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் என்னவென்றால், அக்கா ஒரு நொடிகூட அதைக் கேலி செய்யவில்லை.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு வடக்கே ஆல்பனியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த மலேசியத் தமிழன் ஒருவன் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இன்டர்நெட்டில் மளிகை சாமான் ஆர்டர் எடுக்கப் போகிறானாம். கம்பெனிக்குப் பேர் வைத்தாயிற்று, விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று, தானே நிறுவனர் என்று அதில் போட்டும் ஆயிற்று. அன்றைக்கு நான், முதன்முதலில் காட்டிய வேறொரு சின்னப் புரோகிராமின் ஃப்ளாப்பியைத் திருப்பி வாங்கப் போயிருந்தேன், அதனால் இருந்து பார்த்தேன். அக்கா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

"இதுவரை எத்தினை வீட்டில சாமான் கேட்டவை?"

"இன்னும் இல்லக்கா. சைட் ரெடியானதும் வருவாங்க லா."

"அப்ப இப்ப சைட் வேண்டாம். பத்து வீட்டுக்கு ஃபோன் எடுங்கோ. என்ன வேணும் எண்டு பேப்பரில எழுதுங்கோ. நீங்களே கடையில வாங்கி, நீங்களே தூக்கிக்கொண்டுபோய்க் குடுங்கோ. ஒரு மாசம். அதுக்குப் பிறகு வாங்கோ, நான் பாக்கிறன்."

பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ரோஷக்காரன், செய்தும் பார்த்தான். மூன்றே வாரத்தில் தனக்கு அரிசி மூட்டையும் பிடிக்கவில்லை, அரிசி வாங்குகிற ஜனங்களையும் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, விட்டுவிட்டு ஒழுங்காகப் படிக்கப் போய்விட்டான். அக்கா அதை ஒரு வெற்றியாகத்தான் சொல்வார். "ரெண்டு வருசம் மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கிறன், ஒரு நன்றி சொன்னானோ பார்" என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

இத்தனையும் பார்த்த நான், என் விஷயத்தில் மட்டும் அக்கா கை தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷ புத்தி!

நான் எழுதிக்கொண்டிருந்தது கிளினிக்குகளுக்கான புரோகிராம். அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, தடுப்பூசிக்கு நாள் வந்தால் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது. ஏதாவது ஒரு கிளினிக் அதை வாங்கினால் தொழிற்சாலையை விட்டுவிடுவது என்று இருந்தேன். பதினாலு கிளினிக்குக்குக் கடிதம் போட்டதில் ஒன்றுதான் பதில் போட்டது. அது அக்காவின் கிளினிக். இதற்கு நடுவில் ஃபோர்மேன் எனக்கு மாலை ஷிஃப்ட்டில் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். ஒப்புக்கொண்டால் எழுத நேரம் இருக்காது. புரோகிராம் அத்தோடு சரி. முதியோர் இல்லத்தில் ஓடி ஓடி வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கிளினிக் கையெழுத்துப் போட்டா நீங்க நினைச்சதைச் செய்யுங்க. போடலைன்னா சூப்பர்வைசர்தான். அப்புறம் ஜன்னலைப் பாத்துக்கிட்டுப் புலம்பக் கூடாது."

நான் நேரே அக்காவிடம் ஓடினேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டன்" என்றார். "நான் சொல்லி வாங்கினா அது என்ர தயவு. தயவு ரெண்டு மாசத்தில முடிஞ்சிடும், பிறகு உங்களையும் திட்டுவினம், என்னையும் திட்டுவினம். டெமோ எப்ப?"

"அடுத்த வாரம் போய் அதுக்கடுத்த வியாழக்கிழமை."

"அப்ப இந்தச் சனிக்கிழமை கொண்டு வாங்கோ."

போனேன். உட்கார்ந்தேன். அக்கா ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டார். புது ஆள் என்று இருந்த இடத்தில் தன் பேரை அடித்தார், பிறகு தன் மூன்று பிள்ளைகளை. புரோகிராம் நான்கு பேரையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. குடும்பப் பேரைப் பார்த்துத் தானாகவே சேர்த்துவிடும், ஒரு வீட்டுக்கு ஒரு கடிதம்தான் போகும். அதுதான் என் புரோகிராமின் சாமர்த்தியம். அடுத்து அக்கா தன் கணவர் பேரை அடித்தார்.

"என்ர மனுசன் எங்க போனவர்? இவருக்கு வேற வீடு குடுத்திருக்கு."

எனக்கு வேர்த்தது. அவர்கள் வழக்கப்படி, ஏன், எங்கள் வழக்கப்படியும்தான், மனைவி, பிள்ளைகள் பேருக்குப் பின்னால் வருவது கணவருடைய பேர். அவர் பேருக்குப் பின்னால் வருவது அவருடைய அப்பா பேர். இங்கே படிவத்தில் அதைத்தான் குடும்பப் பேர் என்று எழுதுகிறோம். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பேர். அக்கா விடவில்லை.

"எங்கட கோயில்ல ஒரு பெடியன் இருக்கிறான். அவன்ர தேப்பனுக்கும் என்ர மனுசனுக்கும் ஒரே பேர். அவனைப் போட்டுப் பாப்பம்."

போட்டார். புரோகிராம் அந்தப் பையனை ஆசையாக அக்காவின் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது.

"மாதாவே! கட்டின மனுசனை வெளியில விட்டிட்டு ஊரான் பிள்ளையை உள்ள எடுத்திருக்கு!"

சமையலறையிலிருந்து கணவர் ஹோ என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"அக்கா, இது நியூசிலாந்து! இங்க யாரும் நம்மள மாதிரி பேர் வச்சுக்க மாட்டாங்க. ஸ்மித், பிரவுன்னு முப்பது பேரைப் போட்டு ஆறு மாசமா டெஸ்ட் பண்ணியிருக்கேன். ஒரு தப்பு வரல!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன் தம்பி, ஸ்மித்துக்கும் பிரவுனுக்கும் மட்டுமோ வருத்தம், காய்ச்சல் வாறது? உங்கட பேரைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

நான் போட்டுப் பார்த்ததில்லை. என் பேரையோ, என் மனைவி பேரையோ, எங்கள் தெருவில் ஒருத்தர் பேரையோ போட்டதில்லை. டெமோவில் நம் பேர் வந்தால் வெளியூர்க்காரன் செய்த சாமான் என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்து, முப்பது வெள்ளைக்காரர்களை நானே உற்பத்தி செய்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"பிழையான வீட்டுக்குக் கடிதம் போனா ஒரு குழந்தைக்கு ஊசி தவறும்" என்றார். "பேரை வைச்சுக் குடும்பம் பாக்காதேங்கோ. இவர் ஆரோட இருக்கிறார் எண்டு கேளுங்கோ. நான் கவுன்டரில அப்பிடித்தான் கேக்கிறனான். இப்ப திருத்தலாம் தம்பி, பன்னிரண்டு நாள் இருக்கு. இருங்கோ, ரோல்ஸ் ஆறுது."

நான் இருக்கவில்லை. ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். வீட்டில் வந்து, அந்தம்மாவுக்குப் பிறத்தியார் செய்வதில் நொட்டை சொல்வதே பிழைப்பு என்று கத்தினேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போன மாசம் சின்னவனுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போனப்ப, என் பாஸ்போர்ட்ல இன்னும் எங்கப்பா பேரே இருக்கறதால அம்மாவான்னு என்னைக் கேட்டாங்களே. வந்து உங்ககிட்டதானே அழுதேன். அதையே கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கீங்களா?"

அன்று இரவே கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அடித்தளத்திலிருந்து பிரித்து எழுதினேன். ஷிஃப்ட் முடிந்து இரண்டரைக்கு வருவேன், மூன்று மணிக்கு உட்காருவேன். முப்பது ஸ்மித்துகளையும் தூக்கி எறிந்தேன். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சமோவாக்காரர், டோங்காக்காரர், மாவோரி, சீனர் என்று ஒவ்வொருவரிடமும் போய், "உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, பேர் எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டேன். சமோவாக்கார நண்பர் ஒருவர் தன் குடும்பப் பேர் அப்பாவின் சொந்தப் பேர்தான் என்றபோது எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவரும் எங்க ஆளுதான்யா! அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன். கணவரும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் சேர்ந்தார்கள், கோயில் பையன் அவன் வீட்டுக்குப் போனான். "ம்" என்றார் அக்கா. அந்தத் தடவை ரோல்ஸ் இரண்டு நாளுக்கு வரும் அளவுக்குக் கட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கவுன்டரைத் தாண்டும்போது அக்கா, "குட் ஆஃப்டர்நூன், சார்" என்றார், என்னை முன்பின் பார்த்தறியாதவர் மாதிரி. உள்ளே மேனேஜர் அறையில் டாக்டரும் மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜர் வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுஷிதான். அரை மணி நேரம் காட்டினேன். டோங்காக்காரப் பாட்டியையும் ஐந்து பேரப் பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டியபோது டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு நாளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். மேனேஜர் ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் நகர்த்தினார்.

பேனாவைக் கையில் எடுத்தும் விட்டார். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே அக்கா ஃபோனில் யாருக்கோ பொறுமையாக வழி சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இந்தப் புரோகிராமோடு நாள் முழுக்க மாரடிக்கப் போகிறவர் அங்கே இருக்கிறார்.

"கவுன்டர்ல இருக்கறவங்க இதைப் பார்த்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தேவையில்லை" என்றார் மேனேஜர். "வாங்குவதை நாங்கள் முடிவு செய்வோம். அவருக்கு அப்புறம் டிரெய்னிங் கொடுத்துக்கொள்ளலாம். அவருக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழக்கமில்லை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஏழெட்டுப் பேருடைய புரோகிராமைத் தூக்கி நிறுத்திய ஆளைப் பற்றி, ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். கோபத்தை விழுங்கிக்கொண்டு, அவர் உட்கார்ந்து பார்க்காமல் நான் கையெழுத்து வாங்க மாட்டேன் என்றேன். மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, கூப்பிடுங்கள் என்றார்.

அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "இங்கே வேண்டாம், கவுன்டருக்குக் கொண்டு வாருங்கள். அங்கேதானே வேலை" என்றார். நான் கம்ப்யூட்டரைத் தூக்க, டாக்டர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா உட்கார்ந்து, வரிசையில் முதலில் நின்ற ஒரு சமோவா அம்மாவிடம் சம்மதம் கேட்டு, அவர் விவரத்தை அடிக்கத் தொடங்கினார். பாதி அடித்திருப்பார், ஃபோன் அடித்தது. யாரோ அப்பாயின்ட்மென்ட்டை மாற்றக் கேட்டார்கள். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். திரையில் சமோவா அம்மாவின் விவரத்தைக் காணோம். அடித்தது பாதியில் போனது போனதுதான்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. அக்கா வீட்டில்தான் ஃபோன் வயரைப் பிடுங்கி வைத்துவிடுவார்களே, இது எப்படித் தெரியும்! அக்காவும் ஒரு கணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புதிதுதான். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். பின்னால் நின்ற டாக்டர் எதையும் கவனிக்கவில்லை. அக்கா திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"குடும்பம் சேர்க்கும் விதம் மிக நல்லது. ஆனால் இது ஃபோன் வந்தால் ஆளைத் தொலைக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு நூறு ஃபோன் வருகிறது. இப்போது வாங்காதீர்கள். திருத்தட்டும்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, சரியானதும் வாருங்கள் என்றார். கையெழுத்தில்லாத தாளோடு நான் மானிட்டரைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிக்கியை மூடும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்? விசர் தம்பி, மூளை பிசகிட்டுதோ! மேனேஜர் பேனையைக் கையில எடுத்திட்டாவாம்."

"ஆமா."

"நான் பிழை இருந்தாச் சொல்லுவன் எண்டு தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

அவர் கார் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஒன்பது வருசம் இந்தக் கவுன்டரில இருக்கிறன். நான் இருக்கிற கதிரையை மாத்தினவை, ஃபோன் மாத்தினவை, மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பினவை. இண்டைக்குத்தான் முதல் தரம் என்னைக் கேட்டிருக்கினம்." அதற்குள் உள்ளே ஃபோன் அடித்தது. "கெதியாத் திருத்துங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

மாதக் கடைசியில் ஃபோர்மேனிடம் போய் அந்த வேலை வேண்டாம் என்றேன். கையெழுத்து எதுவும் இல்லாமல்தான் சொன்னேன். என் மனைவியிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அவள், "அந்தக்கா சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியுதுல்ல? அப்ப உக்காந்து திருத்துங்க" என்றாள். எங்கள் வீட்டு ஃபோனை மேசை மேலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து அவளை ஃபோன் அடிக்கச் சொல்லிச் சொல்லித் திருத்தினேன். பாதியில் எத்தனை தடவை எழுந்து போனாலும் அடித்தது அடித்தபடி இருக்கிறதா என்று பார்த்தேன்.

டெமோ நடந்து இருபத்திரண்டாம் நாள் மறுபடி கிளினிக்குக்குப் போனேன். மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். நான் அவர் அறைப் பக்கம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"அங்கே வேண்டாம், கவுன்டரிலேயே வைத்துவிடுங்கள்" என்றார் மேனேஜர். "ஒரு நிமிஷம் இருங்கள். முதலில் அவரைக் கேட்டுவிடலாம்."